தோளை அசைத்த சொற்கள்: திருகோணமலையில் ஓர் இயன்மருத்துவ நிலையம்

தோள்மூட்டைச் சுற்றியுள்ள உறை தடித்து இறுகி, கையை உயர்த்தவும் முதுகுப்புறம் கொண்டுசெல்லவும் முடியாமற்போகும் 'உறைதோள்' நோய்க்காக, கடற்கரையை அண்டிய ஒழுங்கையொன்றில் உள்ள சிறிய இயன்மருத்துவ நிலையத்திற்கு எட்டு வாரங்களாகச் சென்று வருகிறேன். முன்னர் நான் சென்ற வேறோர் இடத்தில், கையைப் பக்கவாட்டில் 90 பாகை உயர்த்துமாறு அச்சிட்ட தாளொன்றைத் தந்தார்கள். அதை வாசிக்கும்போதே தோள் விறைத்துவிடும்.

இங்குள்ள இயன்மருத்துவர் மூதூர்க்காரர். முதல் நாள் என்னைக் குனியவைத்து, "ரீச்சர், கையை நீங்கள் ஆட்ட வேண்டாம். நங்கூரம் போட்ட தோணி தன்ரபாட்டில ஆடுற மாதிரி விடுங்கோ" என்றார். கை ஆடியது. நான்காம் வாரத்தில், "கொடியில சேலையை எட்டிப் போடுங்கோ" என்றார். வெறுங்கையை வீசியபோது, பல மாதங்களாக எட்டாத உயரத்தை விரல்கள் எட்டியிருந்தன.

இது வெறும் பேச்சுச் சாமர்த்தியம் அன்று. 1998இல் உடலசைவுகளைக் கற்கும் விதத்தை ஆராயும் காப்ரியேலே வுல்ஃபும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வில், பனிச்சறுக்குப் பயிற்சிப் பொறியில் நின்றவர்களுள் தம் பாதத்தின் மீது கவனம் வைத்தவர்களைவிட, பாதத்துக்குக் கீழிருந்த சக்கரங்களின் மீது கவனம் வைத்தவர்களே நன்றாகக் கற்றார்கள். சேலையை நினைக்கும்போது தோளை மறக்கிறோம். மறக்கப்பட்ட தோள் இலகுவாக அசைகிறது. தொல்காப்பியமும், உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படுவதைக் கூறும் மெய்ப்பாட்டியலை அடுத்தே உவமையைக் கூறும் உவமவியலை வைத்து, உவமை தோன்றும் வழிகளை வினை (செயல்), பயன், மெய் (வடிவம்), உரு (நிறம்) என எண்ணும்போது வினையை முதலில் நிறுத்துகிறது. இலக்கணம் கற்பித்த இத்தனை ஆண்டுகளில் அந்த வரிசையை நான் என் உடம்பால் உணர்ந்ததில்லை.

குறைகளும் உண்டு. காத்திருக்கும் அறை புழுக்கமானது. குறித்த நேரத்திற்கு அழைப்பது அரிது. தவணைக்கு 2000 ரூபாய் வாங்கினாலும், முக்கால் மணிநேரமும் மருத்துவர் கூடவே நிற்கிறார் என்பதால் அதை அதிகமென்று கருதவில்லை. எனக்குள்ள பெரிய மனக்குறை வேறு: வீட்டுப் பயிற்சிக்குத் தரும் தாளில் இங்கும் பாகைக் கணக்கே இருக்கிறது, தோணியும் சேலையும் அதில் இல்லை. அவர் சொல்பவற்றை நான் ஒரு கொப்பியில் எழுதிவருகிறேன். அச்சிட விரும்பினால் நிலையத்துக்கே கொடுத்துவிடுவேன்.