பஸ் பாஸா, பார்க்கிங் கட்டணமா, சைக்கிளா? கல்லூரிப் பயணத்தை எது மாற்றும்

மாணவர்கள் காரிலும் பைக்கிலும் வருவதைக் குறைக்க ஒரு பல்கலைக்கழகத்திடம் இருக்கும் வழிகள் நாலைந்துதான். எல்லோருக்கும் பஸ் பாஸ் கொடுக்கலாம். வண்டி நிறுத்தக் காசு வாங்கலாம். சைக்கிளுக்கு வசதி செய்யலாம். ஒரே பக்கம் போகிறவர்களை ஒரு காரில் சேர்த்துவிடலாம். இல்லையென்றால் போஸ்டர் ஒட்டி 'பசுமை வாரம்' நடத்தலாம். கடைசியாகச் சொன்னதற்குத்தான் செலவு குறைவு, அதனால் அதுதான் அதிகம் நடக்கிறது. ஆனால் புகை கெடுதல் என்று தெரியாத மாணவர் யாரும் இல்லை. காலை எட்டரை மணி வகுப்புக்கு வேறு எப்படி வந்து சேர்வது என்பதுதான் அவர் கேள்வி. அதற்குப் போஸ்டரில் பதில் இல்லை.

பஸ் பாஸிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் நன்றாகச் சோதித்துப் பார்க்கப்பட்ட வழி இதுதான். ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டிலும் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்திலும் 1991-லேயே இது வந்துவிட்டது. லாஸ் ஏஞ்சலீஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் 2000-ல், அடையாள அட்டை இருந்தால் டிக்கெட் வேண்டாம் என்று ஏற்பாடு செய்தது. முதல் ஆண்டிலேயே வளாகத்துக்கு பஸ்ஸில் வருவது 56 சதவீதம் கூடியது, காரில் தனியாக வருவது 20 சதவீதம் குறைந்தது. இவ்வளவு வேகமாகப் பலன் தந்த திட்டங்கள் குறைவு.

இதில் சூட்சுமம், எல்லோரும் சேர்ந்து கட்டுவதில் இருக்கிறது. விருப்பமுள்ளவர் மட்டும் வாங்கலாம் என்று விட்டால், தினமும் பஸ்ஸில் போகிறவர்கள்தான் வாங்குவார்கள். தலைக்கு ஆகும் செலவு ஏறும், விலை ஏறும், இன்னும் சிலர் விலகுவார்கள். எல்லா மாணவரிடமும் கல்விக் கட்டணத்தோடு ஒரு சிறு தொகை வாங்கினால் பாஸ் மிகவும் மலிவாகிறது, போக்குவரத்து நிறுவனத்துக்கும் உறுதியான வருமானம் கிடைக்கிறது. வாஷிங்டன் பல்கலைக்கழகமும் 2011-ல் மாணவர்கள் எல்லோருக்கும் இதைக் கட்டாயமாக்கியது.

சரி, நடந்து வருகிற மாணவர் ஏன் அடுத்தவரின் பஸ்ஸுக்குக் காசு கட்ட வேண்டும்? நியாயமான கேள்விதான். ஜெர்மனியில் இது அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போனது, 2000-ல் கட்டாய வசூல் செல்லும் என்று முடிவானது. எனக்கும் அதுவே சரி என்று படுகிறது. வாடகை கட்டுப்படியாகாமல் தள்ளிப் போய்க் குடியிருக்கும் மாணவருக்கு இந்தச் சிறு தொகை பெரிய உதவி.

பாஸின் உண்மையான பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. டிக்கெட் இலவசம் என்றதும் சைக்கிளில் வந்தவர்களும் பஸ் ஏறிவிடுகிறார்கள். நெதர்லாந்தில் 1991-ல் மாணவர்களுக்குப் பயண அட்டை கொடுத்தபோது கூட்டம் சேர்ந்தது, ஆனால் அதில் ஒரு பகுதி சைக்கிளை விட்டு வந்தவர்கள். காற்றுக்கு அதனால் லாபம் எதுவும் இல்லை. அப்புறம், பஸ்ஸே இல்லாத பாதையில் பாஸ் வெறும் அட்டைதான். ஆறரைக்கு ஆய்வக வகுப்பு முடிந்து, கடைசி பஸ் ஆறேகாலுக்கே போய்விடுகிறது என்றால் அந்த மாணவர் பைக்கில்தான் வருவார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. பாஸுக்குக் கையெழுத்துப் போடுமுன் கால அட்டவணையையும் வகுப்பு அட்டவணையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் நிர்வாகம்தான் உருப்படியான வேலை செய்கிறது. வகுப்புகள் தொடங்கும் நேரத்தை அரைமணி அரைமணியாகப் பிரித்துவிட்டால், அதே பஸ்கள் இன்னும் பலரை ஏற்றிவரும்.

பார்க்கிங் கட்டணத்துக்கு பஸ் பாஸைவிட வலு உண்டு என்று சொல்வேன், ஆனால் அதை வாங்கும் விதம் முக்கியம். ஆண்டு முழுமைக்கும் ஒரே தடவை கட்டச் சொன்னால், கட்டியவர் 'காசு கொடுத்தாச்சே' என்று தினமும் வண்டியை எடுப்பார். நாளுக்கு நாள் கட்டச் சொன்னால், இன்று வண்டி வேண்டுமா என்று ஒவ்வொரு காலையும் யோசிப்பார். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் 2016-ல் ஊழியர்களுக்கு இலவச பாஸ் கொடுத்து, பார்க்கிங்கை இப்படி நாள் கணக்குக்கு மாற்றியது. இன்னொரு முறையும் உண்டு: நிறுத்துமிடம் வேண்டாம் என்பவருக்கு அதற்கான காசைக் கையில் கொடுப்பது. கலிஃபோர்னியாவில் 1992-ல் வந்த சட்டத்தின்படி இப்படிச் செய்த எட்டு நிறுவனங்களில், தனியாகக் கார் ஓட்டி வந்தவர்கள் 76 சதவீதத்திலிருந்து 63 ஆகக் குறைந்தார்கள். அவர்கள் ஊழியர்கள். மாணவர்களுக்குக் காசு இன்னும் பெரிய விஷயம்.

ஆனால் பஸ் வராத ஊரில் கட்டணத்தை மட்டும் ஏற்றுவது தண்டனை. அதைச் செய்யவே கூடாது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பாஸும் கட்டண உயர்வும் சேர்ந்தே வந்தன. அந்த வரிசைதான் சரி.

ஐந்து கிலோமீட்டருக்குள் என்றால் சைக்கிளை மிஞ்ச எதுவும் இல்லை. அமெரிக்காவின் ரிப்பன் கல்லூரி 2008-ல், வளாகத்துக்குக் கார் கொண்டுவர மாட்டேன் என்று உறுதி சொன்ன புது மாணவர்களுக்கு சைக்கிளே கொடுத்தது. அழகான யோசனை. ஆனாலும் சைக்கிள் வாங்கும் காசில் பாதியை நான் நிறுத்துமிடத்துக்குச் செலவழிக்கச் சொல்வேன். முன்சக்கரத்தை மட்டும் செருகி நிறுத்தும் கம்பிகள்தான் பல வளாகங்களில் இருக்கின்றன. லேசாக இடித்தால் சக்கரம் கோணுகிறது, பூட்டினாலும் சக்கரம் மட்டுமே பூட்டப்படுகிறது, மீதிச் சைக்கிளைக் கழற்றிக்கொண்டு போய்விடலாம். வளைத்து நட்ட ஓர் இரும்புக் குழாயில் சட்டத்தையும் சக்கரத்தையும் சேர்த்தே பூட்டலாம். மேலே ஒரு கூரை, ராத்திரியில் ஒரு விளக்கு, காற்றடிக்க ஒரு பம்ப். சைக்கிள் திருடுபோன மாணவர் மறுபடி சைக்கிள் வாங்குவது அபூர்வம்.

காரில் சேர்ந்து வருவது ஊழியர்களுக்குப் பொருந்தும். மாணவருக்கு திங்கள் ஒரு நேரம், செவ்வாய் ஒரு நேரம் என்று மாறுவதால் ஜோடி சேர்வது கஷ்டம். மின்சார ஸ்கூட்டர் புகையைக் குறைக்கும், நெரிசலையும் நிறுத்துமிடத் தேவையையும் குறைக்காது.

எதைத் தேர்ந்தாலும் எப்போது கொடுக்கிறோம் என்பது பாதி விஷயம். ஜெர்மனியின் கீஸன் மாணவர்களிடம் நடந்த ஆய்வு ஒன்று, சூழ்நிலை மாறாமல் இருந்தால்தான் பழைய பயணப் பழக்கம் பின்னால் நடப்பதைக் கணிக்க உதவுகிறது என்று காட்டியது. சேர்க்கை நாள் அப்படிச் சூழ்நிலை மாறும் நாள்: ஊர் புதிது, பாதை புதிது, பழக்கம் இன்னும் பிடிக்கவில்லை. அன்றைக்கே அடையாள அட்டையோடு பாஸும் கைக்கு வந்துவிட வேண்டும், எந்த பஸ் எத்தனை மணிக்கு என்ற தாளோடு. தனியாக விண்ணப்பம் போடு, புகைப்படம் கொண்டு வா, இரண்டு மாதம் பொறு என்றால், பாஸ் கிடைக்கும்போது அந்த மாணவர் வீட்டில் சொல்லி பைக் வாங்கியிருப்பார்.