ஆட்டிசம் குழந்தைக்குப் பள்ளி தேடுகிறீர்களா? டைரியை நம்பிப் பணம் கட்டாதீர்கள்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், சித்தூர் பக்கம் ஆட்டிசம் உள்ள சின்னக் குழந்தையை வைத்துக்கொண்டு பள்ளி தேடும் தமிழ்க் குடும்பங்களுக்காக எழுதுகிறேன். பணம் கட்டுவதற்கு முன் படித்துவிடுங்கள்.

என் பையனுக்கு மூன்று வயது முடிந்த சமயத்தில்தான் ஆட்டிசம் என்று உறுதியானது. அப்போது ஏழெட்டு வார்த்தை பேசுவான். அதில் தேவைப்படும் நேரத்தில் தானாகச் சொன்னது ஒன்றே ஒன்று, 'தண்ணி'. அதைக் கேட்பதற்காகவே அவன் அம்மாயி, அதாவது என் அம்மா, டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்.

இரண்டு ப்ளே ஸ்கூலில் "மத்த பேரண்ட்ஸ் ஒத்துக்க மாட்டாங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்புறம்தான் பாலக்காடு பக்கம் ஒரு இடம் பற்றிக் கேள்விப்பட்டுப் போனோம். ஒரு பிள்ளைக்கு ஒரு டீச்சர், ஸ்பீச் தெரபி உள்ளேயே, ஒரு வருஷத்தில் மற்ற பிள்ளைகளோடு எல்கேஜியில் உட்கார வைத்துவிடுவோம் என்றார்கள். அட்மிஷன் 40,000 ரூபாய், மாதம் 14,000. ஆறுதலாக நாலு வார்த்தை பேசியதும் நகையை அடகு வைத்துக் கட்டிவிட்டோம். இத்தனை மாதத்தில் சரியாகிவிடும் என்று யார் சொன்னாலும் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். குழந்தைக்குக் குழந்தை மாறும் விஷயம் இது. தேதி குறித்துச் சொல்ல எந்த நல்ல தெரபிஸ்ட்டும் துணியமாட்டார்.

முதல் வாரமே நடத்துகிற மேடம் கூப்பிட்டு, "வீட்ல தமிழ், இங்க மலையாளம்னா பையன் குழம்பிப் போவான். இனிமே இங்கிலீஷ் மட்டும் பேசுங்க" என்றார். நாங்களும் கேட்டோம். அம்மாயிக்கு இங்கிலீஷ் தெரியாது. நாள் முழுக்க அவனோடு பேசிக்கொண்டே இருந்த மனுஷி, பேரன் பக்கத்தில் வந்தால் வாயை மூடிக்கொண்டார். 'வாட்டர்' சொல்லச் சொல்லிப் பழக்கினோம். இரண்டு மாதத்தில் 'தண்ணி'யும் போனது, 'வாட்டரும்' வரவில்லை. இரண்டு மொழி காதில் விழுவதால் ஆட்டிசம் உள்ள குழந்தையின் பேச்சு பின்தங்குவதில்லை என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. வீட்டுப் பேச்சை நிறுத்தச் சொல்லும் இடத்தை நம்பாதீர்கள்.

தினமும் ஒரு டைரி வரும். 'வட்டத்தில் பத்து நிமிடம் உட்கார்ந்தான்', 'இரண்டு நிறம் காட்டினான்' என்று அழகான கையெழுத்தில் இருக்கும். ராத்திரி அதைப் படித்துவிட்டுத்தான் தூங்குவோம். சித்தூரில் கொங்கன்படைத் திருவிழா அன்று வெடிச் சத்தமும் கூட்டமும் அவனுக்கு ஆகாது என்று வீட்டிலேயே வைத்துக்கொண்டோம். டைரி அன்று அவர்களிடம்தான் இருந்தது. மறுநாள் வந்ததைப் பிரித்தால் அந்தத் தேதிக்கும் எழுதியிருந்தது: 'இன்று நண்பர்களோடு விளையாடினான். மதியம் முழுச் சாப்பாடு.' அதே நீல மை.

அடுத்த நாள் சொல்லாமல் பதினோரு மணிக்குப் போய் நின்றேன். வாசலில் கால் மணி நேரம் நிறுத்தி வைத்தார்கள், தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். பின்னறையில் சுவரோரம் நாற்காலி, எழுந்திருக்க முடியாதபடி முன்னால் மேசையை நெருக்கிப் போட்டிருந்தார்கள். எதிரே டிவி. நான் கூப்பிட்டும் அவன் திரும்பவில்லை. பையைத் திறந்து பார்த்தால், காலையில் நான் நிரப்பிக் கொடுத்த தண்ணீர் பாட்டில் அப்படியே கழுத்து வரை நிறைந்திருந்தது. கேட்கத் தெரியாத குழந்தைக்கு யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை.

'தனி டீச்சர்' என்று இருந்தது பிளஸ் டூ முடித்து மூன்று வாரத்துக்கு முன் சேர்ந்த பெண். "எனக்கு யாரும் ஒண்ணும் சொல்லித் தரலைக்கா" என்று கண்கலங்கினாள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை.

ஸ்பீச் தெரபிஸ்ட் என்று போர்டில் இருந்தவரின் ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண்ணைக் கேட்டேன், பேச்சை மாற்றினார்கள். ஸ்பீச் தெரபிஸ்ட்டும் ஸ்பெஷல் எஜுகேட்டரும் இந்தக் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவில்லாமல் தொழில் செய்வது அந்தக் கவுன்சிலுக்கான 1992 சட்டப்படி குற்றம். கவுன்சிலின் இணையதளத்தில் பெயரைப் போட்டு நாமே தேடலாம். தேடினேன், அந்தப் பெயரே இல்லை. ஐந்து நிமிட வேலை. பணம் கட்டும் முன் செய்திருந்தால் என் பையன் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கமாட்டான்.

கிளம்பும்போது கூட மேடம் ஸ்டெம் செல் சிகிச்சைக்கு ஒரு கார்டை நீட்டினார். ஆட்டிசத்துக்கு அந்தச் சிகிச்சையைப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் வாரியம் 2022-லேயே சொல்லிவிட்டது. யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 குறைபாடுகளில் ஆட்டிசமும் ஒன்று. ஆனால் அதில் இலவசக் கல்வி உரிமை 6 முதல் 18 வயது வரைதான். மூன்றிலிருந்து ஆறு வரை உள்ள இந்த இடைவெளியில்தான் நம்மைப் போன்றவர்கள் மாட்டுகிறோம். அந்த வயதுக்கு இருப்பது அங்கன்வாடி. இப்படிப்பட்ட குழந்தைகளைச் சேர்த்துக்கொள்வதற்கென்று மத்திய அரசு 2023-இல் வழிமுறையே வெளியிட்டிருக்கிறது. 'அங்கன்வாடியா' என்று இளக்காரமாக நினைத்த தப்பை நானும் செய்தேன். மாவட்ட அளவில் அரசின் ஆரம்பநிலைத் தலையீட்டு மையம் இருக்கிறது, டிஇஐசி என்று கேளுங்கள். தெரபிக்குக் காசு வாங்கமாட்டார்கள். வரிசை உண்டு, காத்திருக்க வேண்டும். காத்திருங்கள்.

பணத்தைக் கேட்டால் அட்மிஷன் தொகைக்குக் கொடுத்த ரசீதில் 'நன்கொடை' என்று இருக்கிறது, திருப்பித் தர முடியாது என்கிறார்கள். ரசீதில் என்ன எழுதுகிறார்கள் என்று அங்கேயே நின்று படியுங்கள். புகார் எதுவும் செய்யமாட்டோம் என்று எழுதிக் கொடுத்தால் பாதி தருவதாகச் சொன்னார்கள். கையெழுத்துப் போடவில்லை. நுகர்வோர் உதவி எண் 1915-இல் சொல்லியிருக்கிறோம். நாம் கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கக் கட்டணம் இல்லை, அங்கேயும் போகிறோம். டைரி பத்திரமாக இருக்கிறது.

பையன் இப்போது காலையில் இரண்டு மணி நேரம் அங்கன்வாடிக்குப் போகிறான். அம்மாயி பழையபடி தமிழிலேயே பேசுகிறார். 'தண்ணி' இன்னும் திரும்பி வரவில்லை. தாகம் எடுத்தால் டீச்சரின் கையைப் பிடித்துப் பானை வரைக்கும் இழுத்துக்கொண்டு போகிறானாம்.