சர்வர் விர்ச்சுவலைசேஷன் செய்து தருகிறோம் என்று வருபவர்களிடம் உஷார்

தனித்தனியாக ஓடிக்கொண்டிருந்த பழைய சர்வர்களை எல்லாம் விர்ச்சுவல் மெஷின்களாக்கி (மென்பொருளாலேயே ஆன சர்வர்கள்), அவற்றை ஓட்டும் மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வி மென்பொருள் போட்ட இரண்டு ஹோஸ்ட்டுகளில் (நிஜ சர்வர்களில்) வைத்துத் தரும் வேலையை ஒரு நிறுவனத்திடம் கொடுத்தோம். பெயர் வேண்டாம். "ஒரு ஹோஸ்ட் படுத்தாலும் இன்னொன்று தாங்கிக்கொள்ளும், யாருக்கும் தெரியக்கூடத் தெரியாது" என்று சொல்லித்தான் விற்றார்கள்.

படுத்தது. மதர்போர்டு காலி. மிச்சமிருந்த ஹோஸ்ட்டில் சில மெஷின்கள் எழுந்தன, போதிய மெமரி இல்லை என்ற எரரோடு மற்றவை அப்படியே நின்றன, அதில் பில்லிங் சர்வரும் ஒன்று. ஹோஸ்ட்டுக்கு 256 ஜிபி ரேம், மொத்தம் 12 மெஷின்களுக்கு நிலையாக ஒதுக்கி வைத்திருந்ததோ 410 ஜிபி. அதாவது இரண்டு ஹோஸ்ட்டும் உயிரோடு இருந்தால்தான் எல்லாம் ஓடும், இதற்குப் பெயர் ஒன்று போனாலும் வேலை நிற்காத ஹை அவெய்லபிலிட்டியாம்! இரண்டு ஹோஸ்ட் என்றால் மொத்த ஒதுக்கீடும் ஒரே ஹோஸ்ட்டில் அடங்கவேண்டும், ஹோஸ்ட்டுக்கென்று கொஞ்சம் ரேம் மீதியும் இருக்கவேண்டும். கழித்தல் தெரிந்தால் போதும்.

சரி, பேக்கப்பாவது இருக்கிறதா என்று பார்த்தால் அது இதைவிட மோசம். தினமும் பேக்கப் எடுக்கிறோம் என்று அவர்கள் சொன்னது செக்பாயின்ட்டை, அதாவது மெஷினின் அந்த நேர நிலையைக் குறித்துவைக்கும் வசதியை. செக்பாயின்ட் போட்டதும் மூல டிஸ்க் கோப்பு அப்படியே நிற்கும், அதன் பிறகு எழுதுவதெல்லாம் பக்கத்திலேயே ஓர் ஏவிஎச்டிஎக்ஸ் கோப்பில் சேரும், மூலக் கோப்பு போனால் இதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. எங்களுடையதில் அந்தக் கோப்புகள் சங்கிலியாக வளர்ந்து, அதே ஸ்டோரேஜில் காலியிடத்தைத் தின்றுகொண்டிருந்தன. இடம் முழுக்கத் தீர்ந்தால் மெஷின்கள் தானாகவே நின்றுவிடும். அந்த ஸ்டோரேஜும் ஒன்றே ஒன்றுதான், வெளியே வேறு நகல் கிடையாது.

லைசென்ஸ் கதை தனி. விண்டோஸ் சர்வர் ஸ்டாண்டர்ட் எடிஷனில் ஹோஸ்ட்டின் சிபியுவில் கணக்குப் போடும் பகுதிகளான கோர்கள் எல்லாவற்றுக்கும் (குறைந்தது 16) லைசென்ஸ் வாங்கினால் 2 விண்டோஸ் மெஷின்களுக்குத்தான் உரிமை, அடுத்த இரண்டுக்கு எல்லா கோர்களுக்கும் மறுபடி வாங்கவேண்டும். எங்கள் 12 மெஷின்களும் விண்டோஸ், ஒரு ஹோஸ்ட் போனால் பன்னிரண்டும் மற்றதற்குப் போகவேண்டும், அப்படியானால் ஒவ்வொரு ஹோஸ்ட்டுக்கும் ஆறு செட். வாங்கிக் கொடுத்தது ஹோஸ்ட்டுக்கு ஒன்று. அதனால்தான் அவர்கள் கொட்டேஷன் மற்ற எல்லோருடையதையும் விடக் குறைவாக இருந்தது. எண்ணிக்கைக்கு வரம்பில்லாத டேட்டாசென்டர் எடிஷனைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

அப்புறம் டேட்டாபேஸ் மெஷினையும் ரெய்ட் 5-இல் (ஒரு டிஸ்க் போனாலும் தகவல் தப்பும்படி பல டிஸ்க்குகளைச் சேர்த்து வைக்கும் முறை) போட்டிருந்தார்கள். அதில் சின்னதாக ஒரு தகவலை எழுதுவதற்கே டிஸ்க்கில் நான்கு வேலை (இரண்டு முறை படிப்பது, இரண்டு முறை எழுதுவது) நடக்கும், அதனால் மெதுவாகும், மாதக் கடைசியில் ரிப்போர்ட் எடுத்தவர்களைக் கேட்டால் மீதியைச் சொல்வார்கள்.

இப்படி யாராவது வந்தால், பழைய சர்வர்களில் மாதக் கடைசியையும் சேர்த்து சிபியு, ரேம், டிஸ்க் பயன்பாட்டை அளந்த பிறகுதான் கொட்டேஷன் என்று சொல்லுங்கள், ரேம் பட்டியலை மெயிலில் அனுப்பச் சொல்லிக் கணக்குப் போடுபவர்கள் வேண்டாம். உங்கள் கண் முன்னால் ஒரு ஹோஸ்ட்டின் பவர் கேபிளைப் பிடுங்கவேண்டும், ஒரு மெஷினை வெளியே உள்ள பேக்கப்பிலிருந்து மீட்டுக் காட்டவேண்டும், அதற்குப் பிறகுதான் கடைசித் தவணை என்று பர்ச்சேஸ் ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள்.

நாங்கள் இந்த இரண்டையும் கேட்டபோது ஸ்கோப்பில் (ஒப்புக்கொண்ட வேலையில்) இல்லை என்று பதில் வந்தது, கூடவே கூடுதல் ரேமுக்கு ஒரு கொட்டேஷனும். கடைசித் தவணையை நாங்கள் இன்னும் கொடுக்கவில்லை.