லூபிட்ச் டிவிடி பெட்டி: சிரிக்க வாங்கலாம், லூபிட்சைப் பார்க்க வாங்காதீர்கள்

ஜெர்மன் இயக்குநர் எர்ன்ஸ்ட் லூபிட்ச் 1918 முதல் 1921 வரை பெர்லினில் எடுத்த ஆறு மௌனப் படங்கள், கூடவே அவரைப் பற்றிய ஓர் ஆவணப்படம். சுங்கை சிப்புட்டில் எந்தக் கடையிலும் இது கிடைக்காது, ஆன்லைனில்தான் வரவழைக்க வேண்டும். பிரிட்டனில் வெளியான பெட்டி, ரீஜன் 2 (எந்த வட்டாரத்து பிளேயரில் ஓடும் என்பதற்கான எண்). நம் மலேசியா ரீஜன் 3 என்பதால் முதலில் உங்கள் பிளேயரைப் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் இருப்பது பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கியது, எதைப் போட்டாலும் ஓட்டும்.

சரி, குறைக்கு வருகிறேன்: நடிகர் லூபிட்சை இதில் அதிகம் பார்க்க முடியாது. லூபிட்ச் முதலில் பெயர் வாங்கியதே நகைச்சுவை நடிகராகத்தான். அப்பாவின் துணிக்கடை, 1911இல் பெர்லின் நாடக இயக்குநர் மாக்ஸ் ரைன்ஹார்ட்டின் குழு, அப்புறம் சினிமாவில் கடைச் சிப்பந்தி வேடம்: வாய்த்துடுக்கு, பெண்களைக் கண்டால் பல்லிளிப்பு, வேலை என்றால் சோம்பல், ஆனால் எப்படியோ முன்னுக்கு வந்துவிடும் ஆள். 1916இல் அவரே இயக்கி நடித்த ‘ஷூபலாஸ்ட் பிங்குஸ்’ அந்த வகைதான். அது இதில் இல்லை! இதில் உள்ள ‘டி புப்பே’ (பொம்மை) படத்தின் தொடக்கத்தில் லூபிட்ச் ஒரு பெட்டியைத் திறந்து குட்டி வீடு, மரம், பொம்மைகளை எடுத்து அடுக்கிவிட்டுப் போய்விடுகிறார். அதை விட்டால் ‘சுமுருன்’ படத்தில் நடிகை போலா நெக்ரிமேல் ஆசை வைத்து ஏங்கும் கூனன், அதுவும் சிரிப்பை விட அழுகை அதிகம். நடிகராக அவருடைய பெரிய வேடம் அதுதான் கடைசி. 1922இல் ஹாலிவுட் போய்விட்டார்.

ஆனால் ‘டி ஆஸ்டர்ன்பிரின்செஸின்’ (சிப்பி இளவரசி) படம் ஒன்றுக்காகவே காசு தகும். கோடீஸ்வரர் வீட்டில் காக்க வைக்கப்பட்ட ஒருவன் பொழுது போகாமல் தரையில் உள்ள பூவேலைக் கோட்டின் மேலேயே அடி வைத்து அடி வைத்து நடக்கிறான், அவ்வளவுதான் காட்சி. தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் பார்த்து வளர்ந்த எங்கள் தாத்தா, “நாகேஷ் செய்வானே, அது மாதிரி” என்று அதைத் திரும்பப் போடச் சொன்னார். கல்யாண வீட்டில் சமையல்காரர்கள் வரை எல்லாரும் ஃபாக்ஸ்டிராட் என்ற ஜோடி நடனம் ஆடத் தொடங்கும் இடத்தில் வீடே சிரித்தது. கதாநாயகி ஓசி ஓஸ்வால்டா அடிக்கும் கொட்டத்தைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.

காட்சிகளுக்கு நடுவே வசனம் காட்டும் எழுத்து அட்டைகள் ஜெர்மனில், சப்டைட்டில் ஆங்கிலத்தில். பெரியவர்களுக்கு யாராவது பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டும். பெட்டியில் உள்ள ‘அன்னா போலெய்ன்’ நீளமான ராஜா கதை, சிரிப்பு தேடுபவர்கள் அதைத் தாண்டிவிடலாம். அனுப்பிய கடை பெட்டியின் மூலையை நசுக்கித்தான் அனுப்பியது, டிஸ்க்குகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.