கார் நிறுத்தும் இடத்துக்கு பெயிண்ட் அடிக்கிறீர்களா? முதலில் பக்கெட் மூடியைப் பாருங்கள்

தாம்பரம் பக்கம் எங்கள் வீடு. கீழே கார் நிறுத்தும் இடம், மேலே நாங்கள். மூன்று பக்கம் சுவர், முன்னால் கேட். போன செப்டம்பரில், மழை பிடிப்பதற்குள் முடித்துவிடலாம் என்று அந்தச் சுவர்களுக்கு பெயிண்ட் அடித்தோம். 18,760 ரூபாய் ஆனது. பணம் போனதுகூடப் பரவாயில்லை, அப்பா அந்தச் சுவரால் பட்ட சிரமம்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அப்பாவுக்கு வயது 71. ஒரு கண்ணில் புரை எடுத்தாயிற்று, இன்னொன்றுக்கு இன்னும் நாள் குறிக்கவில்லை. காரை உள்ளே விடும்போது சுவர் எங்கே முடிகிறது, தூண் எங்கே நிற்கிறது என்று தெரியவேண்டும் என்பதற்காகத்தான் பெயிண்ட் வேலையையே எடுத்தோம். சந்தன நிறம் என்று வீட்டில் பேசி முடிவு செய்திருந்தோம்.

தெரிந்தவர் ஒருவர் சொல்லி வந்த காண்ட்ராக்டர், ஷேடு கார்டை விரித்துவைத்துப் பத்து நிமிடத்தில் அதை மாற்றிவிட்டார். "சார், கார் ஷெட்டுக்கு யாராவது லைட் கலர் அடிப்பாங்களா? டயர் சேறு, புகை எல்லாம் அப்பிக்கும். டார்க் கிரே போடுங்க, அழுக்கே தெரியாது. இப்ப எல்லா வீட்லயும் அதான் ஓடுது." அப்பாவிடம், "ஐயா, நீங்க சொன்ன கலர் ஆறு மாசத்துல பாழாயிடும்" என்றார். விவரமானவர் பேச்சாக இருந்ததால் தலையாட்டினோம். அந்தச் சாம்பல் நிறத்தை அவர் அவ்வளவு வற்புறுத்தியதன் காரணம் இரண்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

கூலி சதுர அடிக்கு 16 ரூபாய், பொருள் அவரே வாங்கி வருவார் என்று பேச்சு. பக்கச் சுவர்கள் 20 அடி, பின்சுவர் 11 அடி, உயரம் 9 அடி. சுமார் 460 சதுர அடி. வெளிப்புற எமல்ஷன் (தண்ணீரில் கலந்து அடிக்கும் பெயிண்ட்) இரண்டு கோட் அடிக்க லிட்டருக்கு ஏறக்குறைய 50 முதல் 60 சதுர அடி வரும். அப்படியானால் எட்டு, ஒன்பது லிட்டர் போதும். அவர் எழுதிக் கொடுத்த சீட்டில் 20 லிட்டர். இந்தக் கணக்கு அன்று எனக்குத் தெரியாது. கடை பில்லையும் கேட்கவில்லை. பட்டி, பிரைமர், பெயிண்ட் எல்லாம் சேர்த்துப் பொருளுக்கு 11,400 என்று வெள்ளைத்தாளில் எழுதியிருந்ததற்கு அப்படியே கொடுத்தேன்.

வேலை நடந்த நான்கு நாளும் நான் ஆபீஸ். கேட் அருகே வெளிப்புற எமல்ஷன் என்று அச்சடித்த பக்கெட் ஒன்று எப்போதும் இருந்தது. மூடி இல்லாமல், ஏற்கெனவே தண்ணீர் கலந்தே வந்தது. "கலந்தே எடுத்தாந்துட்டோம் சார், டைம் மிச்சம்" என்றார்கள். பின்பக்கம் துணி துவைக்கும் கல்லுக்கு அருகே வேறொரு பக்கெட் இருந்ததாக அம்மா பிறகுதான் சொன்னார்.

முடித்த அன்று மாலை லைட் போட்டுப் பார்த்தபோதே மனசுக்கு ஒப்பவில்லை. அதே ட்யூப் லைட்தான், ஆனால் பாதி அணைந்த மாதிரி இருந்தது. இடதுபக்கச் சுவர் ஒரு சாம்பல், பின்சுவர் நீலம் கலந்த சாம்பல். "காய்ஞ்சா ஒண்ணாயிடும்" என்றார் காண்ட்ராக்டர். ஒன்றாகவில்லை. அடுத்த வாரம் அப்பா காரைப் பின்னால் எடுக்கும்போது இடதுபக்கத் தூணில் உரசி, கதவு முழுக்கக் கீறல். முப்பது வருடமாக ஓட்டுகிறவர். "கண்ணு போச்சுடா, இனி நீயே ஓட்டு" என்று சாவியைக் கொண்டுவந்து என் கையில் வைத்துவிட்டார். அது கண்ணால் மட்டும் வந்த பிழை இல்லை. அடர் சாம்பல் சுவர், அடர் சாம்பல் தூண், கீழே சிமெண்ட் தரை, மூன்றும் ஒன்றோடொன்று கலந்துபோய்க் கிடந்தன.

அக்டோபர் மழை வந்தது. சாரல் படும் இடதுபக்கச் சுவரில் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியது. பின்சுவரில் கை வைத்தால் உள்ளங்கை முழுக்கச் சாம்பல் மாவு. காண்ட்ராக்டரைக் கூப்பிட்டேன். "சுவத்துல ஓதம் சார், அதுக்கு நான் என்ன பண்றது?" கீழே இரண்டு அடி வரை ஓதம் இருந்தது உண்மை, அதை மறுக்கவில்லை. ஆனால் அதைப் பட்டி பார்க்கும் முன்னால் அல்லவா சொல்லியிருக்க வேண்டும்? தவிர, ஆறடி உயரத்தில் கிளம்பும் கொப்புளத்துக்கு ஓதம் எப்படிக் காரணமாகும்?

அம்மா கறிவேப்பிலைத் தொட்டிக்கு அடியில் தட்டாக ஒரு பக்கெட் மூடியைக் கவிழ்த்து வைத்திருந்தார், பெயிண்டர்கள் பின்பக்கம் விட்டுப்போனது. தொட்டியை நகர்த்தும்போது பார்த்தேன். மூடியில், கடையில் நிறம் கலக்கும் மிஷினில் அச்சாகி வரும் ஸ்டிக்கர் நனையாமல் அப்படியே இருந்தது. அதை எடுத்துக்கொண்டு பெயிண்ட் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினார்: பெயிண்டின் பெயர், எந்த பேஸ் (நிறம் சேர்ப்பதற்கு முந்தைய அடிப்படை பெயிண்ட்), ஷேடு நம்பர், எத்தனை லிட்டர், கலந்த தேதி. பெயிண்ட், வீட்டுக்கு உள்ளே அடிக்கும் எமல்ஷன். தேதி, மார்ச் மாதம். எங்கள் வீட்டு வேலை செப்டம்பரில்.

வேறு யார் வீட்டுக்கோ கலந்து மிஞ்சிய பெயிண்ட் அது. அதைத் தீர்க்க ஒரு சுவர் தேவைப்பட்டிருக்கிறது, அதற்காகத்தான் எங்களுக்கு அந்த நிறம். பின்சுவருக்கு வரும்போது பத்தாமல், தண்ணீரை ஏற்றி, சின்ன பாட்டிலில் வரும் ஸ்டெயினர் என்ற நிறக் கலவையைக் கையால் கலந்து ஒப்பேற்றியிருப்பார்கள் என்று கடைக்காரர் சொன்னார். நிறம் மாறியதும் மாவாக உதிர்ந்ததும் அதனால்தான்.

மூடியின் படத்தை அனுப்பியபிறகு காண்ட்ராக்டர் 3,000 ரூபாய் திருப்பிக் கொடுத்தார். அதற்குப்பின் போனை எடுப்பதில்லை. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசினேன். அங்கே முதலில் கேட்டது பில். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரை கட்டணமே இல்லை, 2 வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம். இத்தனை வழி இருந்தும் என் கையில் இருப்பது கடைப் பெயரோ ஜிஎஸ்டி எண்ணோ இல்லாத ஒரு வெள்ளைத்தாள். தயவுசெய்து பொருளை நீங்களே கடைக்குப் போய் வாங்குங்கள், பில்லோடு. பல கம்பெனிகள் பக்கெட்டில் பெயிண்டருக்கென்று டோக்கனோ, ஸ்கேன் செய்தால் புள்ளி சேரும் கோடோ வைக்கிறார்கள். அது அவர்களுக்குச் சேரவேண்டியது, கொடுத்துவிடுங்கள். சீல் மட்டும் உங்கள் கண் முன்னால் உடைபடட்டும். தண்ணீர் எவ்வளவு கலக்கலாம் என்று பக்கெட்டிலேயே போட்டிருக்கும், அதற்குமேல் ஊற்றவிடாதீர்கள்.

ஜனவரியில், மழை ஓய்ந்து சுவர் நன்றாகக் காய்ந்தபின், மறுபடி அடித்தோம். இந்த முறை நிறத்தை ஷேடு கார்டிலோ போனிலோ பார்த்து முடிவு செய்யவில்லை. தபால்தலை அளவில் மென்மையாகத் தெரியும் நிறம் 180 சதுர அடிச் சுவரில் ஏறியதும் அழுத்தமாகிவிடும். மூன்று நிறத்தில் கொஞ்சம் கொஞ்சம் வாங்கி, இரண்டடிக்கு இரண்டடி சுவரிலேயே அடித்து, காலையிலும் மதியத்திலும் ராத்திரி ட்யூப் லைட்டிலும் பார்த்தோம். பகலில் இதமாக இருந்த ஒரு க்ரீம், ராத்திரி வெள்ளை லைட்டில் வெளிறிப்போனது. எல்ஆர்வி என்று ஒவ்வொரு ஷேடுக்கும் ஓர் எண் உண்டு. விழும் வெளிச்சத்தில் எத்தனை சதவீதத்தைச் சுவர் திருப்பித் தரும் என்பது அது. அடர் சாம்பலுக்கு 10, 15 என்று இருக்கும், வெளிர் சந்தனத்துக்கு 70க்கு மேல். லைட்டை மாற்றாமலே இடம் பளிச்சென்று ஆனதற்கு அதுதான் காரணம்.

அழுக்குக்கு வழி இல்லாமல் இல்லை. கீழே மூன்றடி அடர் பழுப்பு, மேலே சந்தனம். சேறு தெறிப்பதும் கார் கதவு இடிப்பதும் அந்த மூன்றடிக்குள்தான். ஓதம் இருந்த இடத்தில் பழைய பூச்சைக் கொத்தி எடுத்து, மறுபூச்சு பூசி, காயவிட்டுத்தான் பிரைமர். தூண் விளிம்புகளில் மஞ்சள் கறுப்பு ஒளிரும் டேப். எல்லாவற்றையும் நிறுத்தி நிதானமாகப் பார்த்துச் சொன்னது அப்பாதான். சாவியை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார்.

இந்த முறை மூடியில் இருந்த ஸ்டிக்கரை உரித்து, ஷேடு நம்பர் தெரிய ஈபி பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவைத்திருக்கிறேன்.