மனித நூலகம்: அரை மணி நேரம் இரவல் கிடைத்த ஒரு வாழ்க்கை

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை பிற்பகலில் சிங்கப்பூரில் நடந்த மனித நூலக நிகழ்வுக்குச் சென்றிருந்தேன். 2000ஆம் ஆண்டு டென்மார்க்கின் ரொஸ்கில்டே இசைவிழாவில் ரோனி அபெர்கெலும் அவருடைய தோழர்களும் தொடங்கிய இம்முயற்சி, இன்று 80க்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் பரவியிருக்கிறது. இங்கே புத்தகம் என்பது ஒரு மனிதர். மதம், நோய், சிறைவாசம், தோற்றம் என ஏதோவொரு காரணத்தால் ஊராரின் தப்பெண்ணத்துக்கு ஆளானவர். வாசகர் ஏறத்தாழ அரை மணி நேரம் அவரெதிரே அமர்ந்து எதையும் கேட்கலாம். விருப்பமில்லாத கேள்விக்கு அவர் விடை சொல்ல வேண்டியதில்லை.

நான் இரவல் பெற்றது, இஸ்லாத்தைத் தழுவிய சீனர் ஒருவரை. வீவக எனப்படும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி புளோக்குகளில், எல்லா இனத்தவரும் கலந்து வாழ வகைசெய்யும் இன ஒருங்கிணைப்புக் கொள்கை 1989 முதல் நடப்பில் இருப்பதால், என்னைப் போன்றோர் எல்லா இனத்தவருடனும் ஒரே தாழ்வாரத்தில் வளர்ந்தவர்கள். தீபாவளிக்கு முறுக்குத் தட்டைக் கொடுப்போம், நோன்புப் பெருநாளுக்குப் பலகாரம் வாங்கிக்கொள்வோம். அந்த வீட்டுக்குள் மதம் என்ன செய்கிறது என்று மட்டும் கேட்க மாட்டோம், கேட்பது மரியாதைக் குறைவு என்றே சொல்லி வளர்க்கப்பட்டோம். அந்தத் தயக்கத்தைத்தான் இந்த ஏற்பாடு போக்குகிறது.

அவர் தம் தாயாரின் சமையலறையைப் பற்றிப் பேசினார். மதம் மாறிய பிறகு இரண்டு ஆண்டுகள் சீனப் புத்தாண்டுக்கு முந்திய இரவின் ஒன்றுகூடல் விருந்துக்கு அவர் போகவில்லை, ஏனெனில் வீட்டுப் பாத்திரம் எல்லாவற்றிலும் பன்றிக்கொழுப்பு புழங்கியிருந்தது. மூன்றாம் ஆண்டு தாயார் புதிய இரும்பு வாணலி ஒன்றை வாங்கி, அதன் காதில் சிவப்புக் கயிறு கட்டி, தனி ஆணியில் மாட்டிவிட்டு, "வீட்டுக்கு வா" என்று தொலைபேசியில் சொன்னாராம். இதைச் சொல்லும்போது அவர் தம் இரு கைகளாலும் அந்த வாணலியின் அகலத்தைக் காட்டினார். தாத்தாவின் இறுதிச் சடங்கில் ஊதுவத்தி ஏந்தினீர்களா என்று கேட்டேன். சற்று நேரம் பேசாமலிருந்தவர், ஏந்தவில்லை என்றும், ஆனால் புளோக்கின் கீழ்த்தளத்தில் மூன்று இரவும் கண்விழித்து உடனிருந்ததாகவும், சித்தப்பா இன்றுவரை தம்மோடு பேசுவதில்லை என்றும் சொன்னார்.

சமய நல்லிணக்கக் கூட்டங்கள் பலவற்றுக்குப் போயிருக்கிறேன். அங்கே ஒவ்வொருவரும் தம் மதத்தின் பிரதிநிதியாகப் பேசுவதால், கேட்பவர் மறுபேச்சின்றிக் கைதட்டிவிட்டு வீடு திரும்புகிறார். இவரோ தமக்காக மட்டுமே பேசினார்; எதையும் நிலைநாட்டும் கட்டாயம் இல்லாததால், சித்தப்பாவின் வருத்தத்தையும் நியாயமாகவே எடுத்துச் சொல்ல அவரால் முடிந்தது.

குறைகளும் உண்டு. மேசைகள் நெருங்கியிருந்ததால் பக்கத்து உரையாடல் காதில் விழுந்தது, இத்தகைய பேச்சுக்கு அது பொருந்தாது. சித்தப்பாவின் கதை நடுவில் இருக்கும்போதே மணி அடித்துவிட்டது. எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, உரையாடல்கள் அனைத்தும் ஆங்கிலத்திலேயே நடந்ததுதான். நான்கு அதிகாரத்துவ மொழிகள் உள்ள நாட்டில், இத்தகைய கதைகளைக் கேட்கவும் சொல்லவும் மிகத் தகுதியான முதியோர் வெளியே நின்றுவிடுகிறார்கள்.

ஏற்பாட்டாளர்களிடம் இதைச் சொன்னேன். அடுத்த முறை நான் என் அம்மாவை அழைத்துவந்து, அருகிலிருந்து மொழிபெயர்க்கலாம் என்று இசைந்தார்கள். அந்த வாணலியில் தாயார் முதன்முதலாக என்ன சமைத்தார் என்று அம்மா கேட்க வேண்டுமாம். எனக்குக் கேட்கத் தோன்றாமல் போன கேள்வி அது.