குளிர்காலத்தில் வீட்டுக்குள் ஆமை: திறந்த மேசையா, மூடிய பெட்டியா?

தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வர்த்தில் வளரும் சிறுத்தை ஆமைக் குஞ்சுக்கும், ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் வளரும் குஞ்சுக்கும் ஒரே ஏற்பாடு ஒத்துவராது. ஆனால் கடையில் இருவருக்கும் ஒரே பல்பு, ஒரே தொட்டியைத்தான் எடுத்துக் கொடுக்கிறார்கள். எந்த ஊரில், எந்தக் காற்றில் வைக்கப் போகிறோம் என்பதை முதலில் பார்த்தால், எதை வாங்குவது என்பதில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

அதற்கும் முன்னால் ஒன்று. இந்த நாட்டு ஆமைகளை வீட்டில் வைத்துக்கொள்ள மாகாண இயற்கைப் பாதுகாப்புத் துறையின் அனுமதி வேண்டும். டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் எசெம்வெலோ என்ற அமைப்பு அதைக் கவனிக்கிறது. சாலையோரம் நடந்து போகும் ஆமையைப் பாவம் என்று தூக்கி வருவதும் குற்றம்தான். அனுமதியோடு வளர்க்கும் குஞ்சுகளைப் பற்றித்தான் இங்கே பேசுகிறேன்.

சிறுத்தை ஆமைக் குஞ்சுக்குப் பகலில் சூடான பக்கம் 28 முதல் 30 டிகிரி, விளக்கடியில் வெயில் காயும் இடத்தில் 33 முதல் 35 வரை, இரவில் 22-க்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஈரப்பதம் 60 முதல் 80 சதவீதம். இந்த இனம் குளிர்கால உறக்கத்துக்குப் போவதில்லை. அதனால் ‘ஜூலைக் குளிர் வந்தால் தானாகத் தூங்கிவிடும்’ என்று அட்டைப்பெட்டியில் போட்டு மூலையில் வைப்பது அதைக் கொல்வதற்குச் சமம்.

காற்றைச் சூடாக்கினால் அதன் ஈரப்பதச் சதவீதம் இறங்கும். பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான். உயரத்தில் இருக்கும் ஜோகன்னஸ்பர்க்கில் குளிர்காலம் ஏறக்குறைய மழையே இல்லாத காலம். 5 டிகிரியில் 50 சதவீத ஈரத்தோடு இருக்கும் காற்று வீட்டுக்குள் வந்து 28 டிகிரிக்குச் சூடானால், கணக்குப்படி அதன் ஈரப்பதம் ஏறக்குறைய 12 சதவீதம்தான். டர்பனில் 20 டிகிரி, 75 சதவீதம் என்றிருக்கும் காற்றை அதே 28-க்குக் கொண்டுபோனால் 46 சதவீதம் மிஞ்சும். டர்பன்காரர் 46-ஐ 70 ஆக்க வேண்டும். லெனேசியாக்காரர் 12-இலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இரண்டும் ஒரே வேலை இல்லை.

சரி, திறந்த மேசை. மரத்தால் நான்கு பக்கமும் அடைத்து, மேலே திறந்துவிட்டு, ஒரு முனையில் விளக்கு. இடம் தாராளம், சுத்தம் செய்வது சுலபம். ஒரு பக்கம் சூடு, மறு பக்கம் குளிர்ச்சி என்று ஆமை தானே தேர்ந்துகொள்ளலாம். வளர்ந்த ஆமைக்கு இதைவிட நல்ல ஏற்பாடு தேவையில்லை. குஞ்சுக்குத்தான் சிக்கல். விளக்கின் சூடு கூரைக்கு ஏறும், ஈரமும் அதோடு போகும். டர்பனில் இதைச் சமாளித்துவிடலாம்: மேசையின் முக்கால் பாகத்தை அக்ரிலிக் பலகையால் மூடி, ஒரு மூலையில் ஈரப் பாசி நிரப்பிய பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து, நுழைய ஒரு வாசல் வெட்டி வைத்தால் குஞ்சு பெரும்பாலான நேரம் அதற்குள்தான் கிடக்கும். லெனேசியாவில் என்னதான் தண்ணீர் தெளித்தாலும் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும்.

மூடிய பெட்டி என்பது பல்பு, ஹீட்டர் எல்லாம் உள்ளேயே இருந்து, மேலே மூடியும் இருக்கும் பெட்டி. உள்ளே சூடான ஈரக்காற்று நிற்கும். மின்செலவும் குறைவு. 100 வாட் செராமிக் ஹீட்டர் நாள் முழுக்க அணையாமல் ஓடினாலும் 2.4 யூனிட்தான், வேண்டிய சூடு வந்ததும் ஹீட்டரைத் தானே அணைக்கும் தெர்மோஸ்டாட் இருந்தால் அதிலும் குறையும். அறையையே சூடாக்க 1500 வாட் ஆயில் ஹீட்டரை 12 மணி நேரம் முழு வீச்சில் ஓட்டினால் 18 யூனிட், காற்றும் காய்ந்துபோகும். பெட்டியின் குறை, இடம் சுருங்குவதும் தவறு நடந்தால் வேகமாக நடப்பதும். தெர்மோஸ்டாட் இல்லாமல் மூடிய பெட்டி வைக்கவே கூடாது. ஜோகன்னஸ்பர்க் இருக்கும் ஹைவெல்ட் மேட்டுநிலத்தில் குஞ்சு வளர்ப்பவர்கள் வேறு எதையும் யோசிக்க வேண்டாம், மூடிய பெட்டிதான் என்பது என் கருத்து.

ஈரத்தைப் பற்றி நான் இவ்வளவு வலியுறுத்தக் காரணம் ஓடு. வறண்ட சூட்டில் வளரும் குஞ்சின் ஓடு வழுவழுப்பாக வளராமல் கூம்பு கூம்பாக எழும்பும். முன்பெல்லாம் புரதம் அதிகமானதால் என்றார்கள். சல்கட்டா ஆமைக் குஞ்சுகளை வைத்து வீஸ்னரும் ஈபெனும் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், வறண்ட காற்றுதான் பெரிய காரணம், புரதத்தின் பங்கு சிறிது என்று தெரிந்தது. அது வேறு இனம்தான்; ஆனாலும் சிறுத்தை ஆமை வளர்ப்பவர்கள் கண்ணால் காண்பதும் அதையே. ஒருமுறை எழும்பிய கூம்பு திரும்ப இறங்காது.

சூட்டுக்கு எது? பகலுக்கு ஹாலஜன், இரவுக்கு செராமிக். ஹாலஜனின் கதிர் வெயிலைப் போலவே உடம்புக்குள் கொஞ்சம் ஆழமாக இறங்கும். ஒரே புள்ளியில் குவியும் ஸ்பாட் விளக்கு ஓட்டின் உச்சியை மட்டும் காயவைத்துவிடும் என்பதால், அகலமாகப் பரவும் விளக்காகப் பார்த்து வாங்குங்கள். செராமிக் ஹீட்டரில் வெளிச்சம் கிடையாது, அதனால் ஆமையின் தூக்கம் கெடாது. ஆனால் அதன் மேற்பரப்பு 200 டிகிரியைத் தாண்டும். பிளாஸ்டிக் ஹோல்டரில் மாட்டினால் உருகும். பீங்கான் ஹோல்டர், கம்பிக்கூண்டு, விழாதபடி சங்கிலி, மூன்றும் கட்டாயம். சூட்டையும் புற ஊதாக் கதிரையும் ஒன்றாகத் தரும் மெர்குரி பல்பு விற்பனையாளருக்குப் பிடித்தது, எனக்கு இல்லை. அதை தெர்மோஸ்டாட்டில் கட்டுப்படுத்த முடியாது, மூடிய பெட்டிக்குள் கொதிக்க வைத்துவிடும். அடியில் விரிக்கும் ஹீட் மேட்டும் வேண்டாம். ஆமைக்கு வெயில் மேலிருந்துதான் வர வேண்டும். கீழிருந்து சுட்டால் அது விலகத் தெரியாமல் வயிற்றோடு வெந்துபோகும்.

புற ஊதாக் கதிருக்குத் தனியாக, அந்தக் கதிரின் யூவிபி வகையைத் தரும் டி5 என்ற மெல்லிய குழல் விளக்கு ஒன்று. ஜன்னலோரம் வைத்தால் போதும் என்பது நடக்காது, கண்ணாடி அந்த யூவிபி கதிரைத் தடுத்துவிடும். வெயிலான மதியத்தில் தோட்டத்தில் நிழலும் உள்ள இடத்தில் கொஞ்ச நேரம் விடுவது எந்த விளக்கையும்விட மேல்.

ஈரத்துக்கு ஸ்ப்ரே பாட்டிலை நம்பாதீர்கள். மேல்பகுதி நனைந்து, உடனே காயும். புகை போல விடும் ஹியூமிடிஃபையர் திறந்த மேசையில் சுவரில்தான் பூஞ்சை வளர்க்கும். தொட்டியை நன்றாகக் கழுவாவிட்டால் அழுக்கையும் சேர்த்து ஆமையின் மூச்சுக்குள் அனுப்பும். இவற்றைவிட நல்லது, நம் பக்கம் எளிதாகக் கிடைக்கும் தேங்காய் நார்த்தூள். 8 முதல் 10 சென்டிமீட்டர் ஆழத்துக்கு நிரப்பி, மூலைகளில் வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்ற வேண்டும். அடிப்பகுதி ஈரமாகவும் மேல்பகுதி காய்ந்தும் இருக்கும், உள்ளிருந்து ஈரம் மெல்ல மேலே வரும். மேலே சொதசொதவென்றிருந்தால் அடி ஓடு அழுகும். குஞ்சைத் தினமும் இளஞ்சூட்டு நீரில் 15 நிமிடம் அமரவிடுவதும் இதோடு சேர்த்தி.

ஈரமும் குளிரும் சேர்ந்தால்தான் ஆபத்து. மூக்கில் நீர் வடிந்தால் பலர் ஈரத்தைக் குறைக்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது இரவு வெப்பநிலை. தெர்மாமீட்டர் டிஜிட்டலாக இருக்கட்டும், உணரியைச் சுவரில் ஒட்டாமல் ஆமையின் ஓடு இருக்கும் உயரத்தில் வையுங்கள்.

மின்வெட்டு பற்றி. 2023-இல் இருந்த அளவுக்கு லோட் ஷெடிங் இப்போது இல்லை என்றாலும், கேபிள் கோளாறால் இருட்டாகும் இரவுகள் இருக்கத்தான் செய்கின்றன. திறந்த மேசையில் சூடு சீக்கிரம் போய்விடும். மூடிய பெட்டி, மேலே கம்பளி போட்டால் நெடுநேரம் தாங்கும். துணி சுற்றிய வெந்நீர்ப் பையை ஒரு பக்கத்தில் மட்டும் வையுங்கள், அப்போதுதான் ஆமை விலகிப் போக முடியும். மின்சாரம் திரும்புவதற்குள் கம்பளியை ஹீட்டர் பக்கத்திலிருந்து எடுத்துவிட மறக்காதீர்கள்.